திருமயம் கோட்டை

திருமயம் கோட்டை தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில், திருமயம் என்னும் ஊரில் உள்ள ஒரு மலைக்கோட்டை ஆகும். புதுக்கோட்டைக்கும் செட்டிநாட்டின் முதன்மை நகரமான காரைக்குடிக்கும் ஏறத்தாழ நடுவில், இரண்டிலிருந்தும் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் இது அமைந்துள்ளது. இராமநாதபுரத்தை ஆண்ட இரகுநாத கிழவன் சேதுபதி இதனை 1687ஆம் ஆண்டில் கட்டுவித்தார். கோட்டை எழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இக்குன்றின் அடிவாரத்தில் சிவனுக்கும் திருமாலுக்குமாக இரண்டு குடைவரைக் கோயில்கள் குடையப்பட்டிருந்தன. கோட்டையும் குடைவரைகளும் இன்று இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ளன.

சுற்றுவட்டாரத்தில் இக்கோட்டை 'ஊமையன் கோட்டை' என்ற பெயராலும் அறியப்படுகிறது. வீரபாண்டிய கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் பெயரால் ஏற்பட்ட வழக்கு இது. ஊமைத்துரை இதனைக் கட்டவில்லை. கோட்டை அவர் காலத்துக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்டது. மேலும், ஊமைத்துரையும் கட்டபொம்மனும் போரிட்ட காலத்தில் இக்கோட்டை அவர்களுக்கு எதிரான அணியில் இருந்த புதுக்கோட்டைத் தொண்டைமானிடம் இருந்தது. இம்முரண்பாடு பற்றிக் கீழே காண்க.

பெயர்

ஊரின் பழைய பெயர் திருமெய்யம். 'மெய்' என்பதற்கு உண்மை என்பது பொருள். இதனையே வடமொழியில் 'சத்திய' என்று ஆக்கி, குன்றைச் சத்தியகிரி என்றும், சிவனைச் சத்தியகிரீசுவரர் என்றும், திருமாலைச் சத்தியமூர்த்திப் பெருமாள் என்றும் அழைத்தனர். திருமெய்யம் என்பது பேச்சு வழக்கில் திருமயம் ஆயிற்று. இந்திய விடுதலைப் போராட்டத் தலைவர் சத்தியமூர்த்தி 1887ஆம் ஆண்டு ஆகத்து 19ஆம் நாள் பிறந்தது இவ்வூரில்தான். அவருடைய பெயரும் இவ்வூர்ப் பெருமாளின் பெயரும் ஒன்றே என்பது குறிப்பிடத்தக்கது.

அமைவிடம்

புதுக்கோட்டை வட்டாரம் பெரும்பாலும் சமவெளி. ஆங்காங்கே தனித்தனிப் பாறைக் குன்றுகள் தரையிலிருந்து திடீரென எழுந்து நிற்கும். சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை ஆகியவை இவ்வகைக் குன்றுகளே. திருமயம் குன்றும் இத்தகையது. பெரிய உயரம் இல்லாவிட்டாலும், சுற்றிலும் வேறு மேடு இல்லாததால் உச்சியில் நிற்பவருக்கு நாற்புறமும் நெடுந்தொலைவு தெரியும். திருச்சிராப்பள்ளியிலிருந்து தெற்கே இராமநாதபுரம் நோக்கிச் செல்லும் பழைய வழி இதன் அருகே செல்கிறது. இவ்விடத்தைக் கோட்டைக்குத் தேர்ந்தெடுத்ததற்கு இவ்விரண்டு காரணங்களுமே போதும்.

நிருவாக எல்லைப்படி திருமயம் புதுக்கோட்டை மாவட்டத்திலும் காரைக்குடி சிவகங்கை மாவட்டத்திலும் உள்ளன. ஆனால் செட்டிநாடு இந்த எல்லையைப் பொருட்படுத்துவதில்லை. நாட்டுக்கோட்டை நகரத்தார் ஊர்களுள் இராயவரம், கோனாப்பட்டு, குழிபிறை, நச்சாந்துபட்டி முதலியவை புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்தவை. எனவே செட்டிநாட்டுப் பயணத்தில் திருமயம் கோட்டையையும் சேர்த்துக் கொள்வது இயல்பாகவே அமைகிறது.

வரலாறு

சேதுபதியின் கோட்டை

கிழவன் சேதுபதி 17ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மறவர் நாட்டை ஆண்டவர், 1710இல் இறந்தார். பெயரளவில் மதுரை நாயக்கர்களுக்கு உட்பட்டிருந்த சேதுபதிகளைத் தனியரசர் நிலைக்கு உயர்த்தியவர் இவரே. போகலூரில் இருந்த தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றி அங்கே கோட்டை அமைத்தவரும் இவர்தான். இவர் காதலி நாச்சியார் என்பவரை மணந்தார். அவருடைய உடன்பிறந்தாரான இரகுநாதராயத் தொண்டைமானைப் புதுக்கோட்டைப் பகுதிக்குத் தலைவராக்கினார். புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபின் ஆட்சி 1686ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடப்படுகிறது.

திருமயம் கோட்டை கட்டப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டில். அப்பொழுது திருமயம் தொண்டைமானுக்குக் கொடுக்கப்படாமல் சேதுபதியின் நேரடி ஆளுகையிலேயே வைத்துக் கொள்ளப்பட்டது. வடக்கே மதுரை நாயக்கர்களின் திருச்சிராப்பள்ளியும், வடகிழக்கே தஞ்சை மராத்தியரும் இருந்த சூழலில், மறவர் நாட்டின் வடக்கு வாயிலில் ஒரு காவல் அரண் தேவைப்பட்டது. மைத்துனரே அண்டை நாட்டுத் தலைவராக இருந்தும், வாயிலின் சாவியைச் சேதுபதி தம் கையிலேயே வைத்திருந்தார் என்று கொள்ளலாம்.

சில நூல்கள் கோட்டையைக் கட்டியவரை 'விசய இரகுநாதத் தேவர்' என்று குறிப்பிடுகின்றன. இதனால் கிழவன் சேதுபதிக்குப் பின் பட்டத்துக்கு வந்த விசய இரகுநாத சேதுபதியே இதனைக் கட்டினார் என்ற குழப்பம் ஏற்படுகிறது. 1687 என்னும் ஆண்டு கிழவன் சேதுபதியின் ஆட்சிக்குள்தான் அடங்கும்.

தொண்டைமானின் புகலிடம்

1720களில் இராமநாதபுரத்தில் வாரிசுரிமைப் போர் மூண்டது. தொண்டைமான் அப்போரில் தண்டத் தேவர் என்பவரை ஆதரித்தார். அந்த உதவிக்கு ஈடாகத் திருமயம் கோட்டை தொண்டைமானுக்குக் கிடைத்தது. வாள்முனையில் அன்றி உதவிக்குக் கைம்மாறாகக் கைமாறிய கோட்டை இது.

இக்கொடையின் மதிப்பு விரைவிலேயே தெரிந்தது. 1733இல் தஞ்சை மராத்தியரின் தளபதி ஆனந்த ராவ் புதுக்கோட்டை மீது படையெடுத்தார். 1730இல் பட்டத்துக்கு வந்திருந்த விசய இரகுநாதராயத் தொண்டைமான், நாட்டின் பெரும்பகுதி எதிரியின் கைக்குப் போனபின், திருமயம் கோட்டைக்குள் புகுந்து கொண்டார். ஏறத்தாழ ஓராண்டுக் காலம் முற்றுகை நீடித்தது, கோட்டை விழவில்லை. முற்றுகை விலகியபின் தொண்டைமான் இழந்த நாட்டை மீட்டார். அன்று திருமயம் வீழ்ந்திருந்தால் புதுக்கோட்டை என்னும் சமத்தானமே வரலாற்றில் நிலைத்திருக்குமா என்பது ஐயமே. திருமயம் கோட்டையின் இராணுவ வரலாற்றில் மிக முக்கியமான நிகழ்வு இதுவேயாயினும், பொதுமக்களிடையே இது அதிகம் அறியப்படவில்லை.

ஊமையன் கோட்டை என்ற பெயர்

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கருநாடகப் போர்கள் நடந்தபோது தொண்டைமான்கள் ஆற்காட்டு நவாபு முகமது அலியையும் ஆங்கிலேயரையும் சார்ந்து நின்றனர். 1751 முதல் 1754 வரை திருச்சிராப்பள்ளி முற்றுகைக்கு உள்ளானபோது உள்ளே இருந்த படைகளுக்கு உணவு அனுப்பியவர்களுள் தொண்டைமான் முதன்மையானவர். இந்த நட்பு அதன் பின்னரும் தொடர்ந்தது.

1799இல் பாஞ்சாலங்குறிச்சி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபின், கட்டபொம்மன் வடக்கு நோக்கித் தப்பிச் சென்று புதுக்கோட்டை எல்லைக்குள் திருக்களம்பூர் அருகிலுள்ள காட்டில் தங்கியிருந்தார். அங்கே தொண்டைமானின் ஆட்களால் பிடிக்கப்பட்டு ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டார். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். ஊமைத்துரை பாளையங்கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். 1801 பிப்ரவரி 2 அன்று அச்சிறையிலிருந்து தப்பிய அவர், இடிக்கப்பட்டிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மிகக் குறுகிய காலத்தில் மீண்டும் எழுப்பினார். அதுவும் வீழ்ந்தபின் காரைக்குடிக்கு அருகிலுள்ள சிறுவயலில் மருது சகோதரர்களிடம் அடைக்கலம் புகுந்தார். மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரிலும், ஊமைத்துரை நவம்பர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சியிலும் தூக்கிலிடப்பட்டனர்.

ஊமைத்துரை திருமயம் கோட்டையில் ஒளிந்திருந்தார் என்றும், இங்கே சிறை வைக்கப்பட்டிருந்தார் என்றும் இருவிதமாக மக்கள் கூறுகின்றனர். மேற்கூறிய நிகழ்வுகளின் வரிசையில் இவ்விரண்டுக்கும் இடமில்லை. அவர் சிறையிருந்தது பாளையங்கோட்டையில். அடைக்கலம் பெற்றது சிறுவயலில். ஆயினும் கட்டபொம்மன் பிடிபட்ட இடமும் ஊமைத்துரை புகலடைந்த இடமும் திருமயத்திலிருந்து வெகுதொலைவில் இல்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட இந்தப் பெரிய கோட்டையோடு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது வியப்பன்று.

போர் முடிந்தபின் பாளையக்காரர் கோட்டைகளை இடிக்குமாறும் மக்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்குமாறும் ஆங்கில அரசு ஆணையிட்டது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. திருமயம் கோட்டைக்கு அந்நிலை ஏற்படவில்லை. அது ஆங்கிலேயரின் நட்பரசரின் உடைமை. சுருங்கச் சொன்னால், கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்த அணியில் இருந்ததால்தான் இக்கோட்டை இடிபடாமல் தப்பியது. போராடியவர்களின் கோட்டைகள் மண்ணோடு மண்ணாயின. எஞ்சி நின்ற கோட்டைக்கு மக்கள் போராடியவரின் பெயரை வைத்துக் கொண்டனர். கட்டியவரான கிழவன் சேதுபதியின் பெயரோ, இதனால் உயிர் தப்பிய தொண்டைமானின் பெயரோ மக்கள் வழக்கில் இடம்பெறவில்லை. 'ஊமையன் கோட்டை' என்பதை வரலாற்றுச் சான்றாக ஏற்க இயலாது. ஆனால் 1801ஐ இவ்வட்டார மக்கள் எவ்வாறு நினைவில் வைத்தனர் என்பதற்கு அது ஒரு சான்று.

தொண்டைமானுக்குக் கிடைத்த வெகுமதியும் ஒரு கோட்டையைச் சார்ந்ததே. 1803இல் ஆங்கில அரசு கீழாநிலைக் கோட்டையையும் அதனைச் சேர்ந்த பகுதியையும் அவருக்கு வழங்கியது. ஆண்டுக்கு ஒரு யானை திறையாகக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் அந்த யானையை யாரும் கேட்டு வற்புறுத்தவில்லை.

புதுக்கோட்டைச் சமத்தானம் 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டுத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974 சனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானது.

கோட்டையின் அமைப்பு

கோட்டை ஏறத்தாழ 40 ஏக்கர் பரப்புடையது. குன்றை நடுவில் வைத்து வளையம் வளையமாக மதில்கள் எழுப்பப்பட்டன. தொடக்கத்தில் ஏழு சுற்று மதில்கள் இருந்தன என்று கூறப்படுகிறது. புறச்சுற்றுகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. ஊரின் வீடுகளுக்கும் தெருக்களுக்கும் இடையே அவற்றின் எச்சங்களைக் காணலாம். வெளியே சூழ்ந்திருந்த அகழியும் பெரும்பகுதி தூர்ந்துவிட்டது. உட்சுற்று மதில்கள் நல்ல நிலையில் உள்ளன. கீழ்ப்பகுதி கல்லாலும், அதன் மேலுள்ள மார்பளவுச் சுவர் செங்கல்லாலும் ஆனவை. செங்கற்சுவரில் துப்பாக்கி நீட்டிச் சுடுவதற்கான துளைகள் உள்ளன. அம்பும் வேலும் முதன்மைப் படைக்கருவிகளாக இருந்த காலத்துக் கோட்டை அன்று இது. வெடிமருந்துக் காலத்துக்காகவே திட்டமிடப்பட்டது என்பதை இத்துளைகள் காட்டுகின்றன.

வடக்கு, தெற்கு, தென்கிழக்கு ஆகிய பக்கங்களில் வாயில்கள் அமைந்துள்ளன. தெற்கு வாயிலில் அனுமன், விநாயகர், கருப்பர் ஆகியோருக்குச் சிறு கோயில்கள் உண்டு. வடபுற மதிலில் சாலையை நோக்கியவாறு கோட்டைப் பைரவர் கோயில் உள்ளது.

குன்றின் மேல் ஏறும் வழியில், பாதித் தொலைவில், வெடிமருந்து வைக்கப் பயன்பட்ட அறை ஒன்று இருக்கிறது. அதற்கு அண்மையில், பெரும்பாறை ஒன்றின் சரிவில், தரைமட்டத்துக்கு மேலே ஒரு சிறு குடைவரை அறை குடையப்பட்டுள்ளது. அதனுள் சதுர ஆவுடையாருடன் கூடிய இலிங்கம் உள்ளது. இதனை அடைய இரும்பு ஏணியில் ஏற வேண்டும். கோட்டை கட்டியோர் இவ்வறையைத் தொடாமல் விட்டு, இதனைச் சுற்றியே தம் வேலையைச் செய்துள்ளனர்.

உச்சியில் வட்டவடிவ மேடை ஒன்றும் அதன் மேல் ஒரு பீரங்கியும் உள்ளன. மேடைக்கு அருகே பாறைப் பள்ளத்தில் மழைநீர் தேங்கும் சுனை உண்டு. ஓராண்டு முற்றுகையைத் தாங்கிய கோட்டையில் இத்தகைய சுனையின் மதிப்பைத் தனியே விளக்கத் தேவையில்லை. மேடையிலிருந்து பார்த்தால் இரு கோயில்களின் விமானங்களும், ஊரும், அதனைச் சூழ்ந்த ஏரிகளும் ஒருசேரத் தெரியும்.

அடிவாரக் குடைவரைகள்

குன்றின் தென்புற அடிவாரத்தில் சத்தியகிரீசுவரர் கோயிலும் சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலும் அடுத்தடுத்து உள்ளன. இரண்டும் ஒரே பாறையில் குடையப்பட்ட கருவறைகளைக் கொண்டவை. கி.பி. 7ஆம் நூற்றாண்டுக்கும் 9ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் இவை உருவாயின என்பது பொதுவான கருத்து. குடைவித்தவர் பல்லவரா, பாண்டியரா, முத்தரையரா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

பெருமாள் கோயில் 108 வைணவத் திருப்பதிகளுள் ஒன்று, திருமங்கையாழ்வாரால் பாடப்பெற்றது. குடைவரையில் பள்ளிகொண்ட திருமாலின் மாபெரும் உருவம் பாறையோடு பாறையாகச் செதுக்கப்பட்டுள்ளது. மது, கைடபர் என்னும் அசுரர்களை ஆதிசேடன் நஞ்சு உமிழ்ந்து விரட்டும் காட்சி, சூழ்ந்து நிற்கும் தேவர்களுடன், பின்சுவர் முழுவதும் பரந்துள்ளது. 9ஆம் நூற்றாண்டில் சாத்தன் மாறன் என்பவரின் தாயாராகிய பெரும்பிடுகு பெருந்தேவி இக்கோயிலைப் புதுப்பித்துக் கொடையளித்ததைக் கல்வெட்டு ஒன்று தெரிவிக்கிறது. சிவன் கோயில் குடைவரையில் இலிங்கோற்பவர் சிற்பம் சிறப்புடையது. அம்மன் பெயர் வேணுவனேசுவரி.

சிவன் கோயிலில் குடுமியான்மலை இசைக்கல்வெட்டை ஒத்த ஒரு கல்வெட்டு இருந்தது. பிற்காலத்தில் அதே இடத்தில் வேறொரு கல்வெட்டைப் பொறிக்கும்பொருட்டு அது பெரும்பாலும் செதுக்கி அழிக்கப்பட்டது. எஞ்சியுள்ள சில சொற்களில் 'பரிவாதினி' என்னும் யாழின் பெயரும் காணப்படுகிறது. தென்னிந்திய இசை வரலாற்றுக்கு இது பேரிழப்பு.

அருகருகே இருந்த இரு கோயில்களுக்கும் இடையே நிலம், வருவாய் முதலியன குறித்துப் பிணக்கு ஏற்பட்டது. கண்ணனூரைத் தலைமையிடமாகக் கொண்டு போசள மன்னன் சோமேசுவரன் தமிழகத்தில் செல்வாக்குடன் இருந்த காலத்தில், அவனுடைய தண்டநாயகனான அப்பண்ணன் 1245ஆம் ஆண்டில் இரு தரப்பையும் அழைத்து வழக்கைத் தீர்த்து வைத்தான். வருவாய் பங்கிடப்பட்டது; எல்லைகள் வரையறுக்கப்பட்டன. இரு கோயில்களையும் பிரிக்கும் மதில் இன்றும் நிற்கிறது. ஒரு கோயிலிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வோர் வெளியே வந்தே செல்ல வேண்டும். படைத்தலைவன் ஒருவன் கோயில் வழக்கில் நடுவராக இருந்து, தீர்ப்பைக் கல்லில் வெட்டி வைத்தமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கோட்டையைக் காணல்

சென்னை, திருச்சிராப்பள்ளி ஆகிய இடங்களிலிருந்து மகிழுந்தில் செட்டிநாட்டுக்குக் குடும்பமாகச் செல்வோர் பெரும்பாலும் திருமயம் வழியாகவே செல்கின்றனர். இவர்களுள் கோட்டைப் பைரவரைக் கண்டவர்கள் மிகப் பலர். கோட்டைக்குள் நுழைந்தவர்கள் அவர்களை விடக் குறைவு. வாகன ஓட்டிகள் பைரவரை வழித்துணையாகக் கருதுவதால், வண்டியைச் சாலையோரம் நிறுத்தி, தேங்காய் உடைத்து, வணங்கிவிட்டுப் புறப்படும் வழக்கம் உள்ளது. பைரவருக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் மதில் 1687ஐச் சேர்ந்தது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

கோட்டையையும் கோயில்களையும் நன்கு பார்க்க அரை நாள் தேவை. பார்க்கும் வரிசை முக்கியம். கோயில்கள் நண்பகலில் நடை சாத்தப்படும் என்பதால் காலையில் வருவோர் முதலில் கோயில்களைப் பார்ப்பது நல்லது. கோட்டையில் நிழல் குறைவு. கோடைக்காலத்தில் நண்பகலுக்குமேல் பாறை கொதிக்கும். காலை முற்பகுதியோ மாலையோ ஏறுவதற்கு ஏற்றவை. குடிநீரைக் கையில் எடுத்துச் செல்ல வேண்டும். தொல்லியல் துறை நுழைவுக் கட்டணம் பெறுகிறது.

ஏற்றம் கடினமானதன்று. படிகளும் வெட்டப்பட்ட பாறைச் சரிவும் மாறி மாறி வரும். சிறுவர்கள் எளிதில் ஏறுவர். ஆனால் உச்சியிலும் பாறை விளிம்புகளிலும் அவர்களைக் கைப்பிடியில் வைத்திருப்பது அவசியம். மழை பெய்த பின் பாறை வழுக்கும். இலிங்க அறைக்குச் செல்லும் ஏணி செங்குத்தானது, முதியோருக்கு ஏற்றதன்று. முழங்கால் வலியுள்ளோர் அடிவாரத்திலேயே நின்றுவிட்டாலும் குறையில்லை. சிற்பங்களும் கல்வெட்டுகளும் பெரும்பாலும் கீழே உள்ள கோயில்களில்தான் உள்ளன.

திருச்சிராப்பள்ளி–காரைக்குடி இருப்புப்பாதையில் திருமயம் தொடர்வண்டி நிலையம் உள்ளது. தெற்கே காரைக்குடிச் சாலையில் சென்று பிரிந்தால் கானாடுகாத்தான் அரண்மனை வீடுகளை அடையலாம். குடைவரைகளில் ஆர்வமுள்ளோர் காரைக்குடிக்கு மேற்கேயுள்ள குன்றக்குடி, பிள்ளையார்பட்டி ஆகியவற்றையும், புதுக்கோட்டைக்கு அப்பாலுள்ள குடுமியான்மலையையும் சேர்த்துப் பார்க்கலாம். திருமயத்தில் அழிந்துபோன இசைக்கல்வெட்டு எப்படி இருந்திருக்கும் என்பதைக் குடுமியான்மலைப் பாறையில் முழுமையாகக் காணலாம். புதுக்கோட்டையை அடுத்த திருக்கோகர்ணத்தில் 1910இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகம் சமத்தானக் காலப் பொருள்களைக் காட்சிக்கு வைத்துள்ளது.